பிள்ளையார் வாகனமும் கள்ளக்குறிச்சிச் சாக்கடையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து நம் இயக்கத் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் குடியிருக்கும் தெருவில் பெருச்சாளி உபத்திரவம் தாங்க முடியவில்லையாம். சாக்கடை ஓரமாக வளை பறித்து வீட்டுக் கடைக்காலுக்குள் புகுந்து, ஒரு வீட்டின் திண்ணையே உட்கார்ந்துவிட்டதாம். அரிசி மூட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புஸ்தகம், மின்சாரக் கம்பி ஒன்றும் தப்பவில்லையாம். தோழர் தெருவாரைக் கூட்டி, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பொறிகள் வாங்கலாம், சாக்கடை வாய்க்குக் கம்பி வலை போடும்படி நகராட்சிக்கு மனுக் கொடுக்கலாம் என்றாராம். உடனே தெருவின் பெரிய மனிதர் ஒருவர் எழுந்து, "தெருக்கோடியில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார், அவர் கண்ணெதிரே அவர் வாகனத்தைக் கொல்லுவதா? சந்ததிக்கு ஆகாது" என்று சொல்ல, கூட்டம் கலைந்துவிட்டதாம். மறுநாள் அதே பெரிய மனிதருடைய வேலையாள் கடைத்தெருவில் எலிப்பாஷாணம் வாங்கிக்கொண்டு போனதைத் தோழர் கண்ணால் பார்த்தாராம். "இதுபற்றித் தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

அபிப்பிராயம் என்ன இருக்கிறது? பத்துப் பேர் எதிரில் கொன்றால் பாபம், இருட்டில் கொன்றால் பாபமில்லை என்பதிலிருந்தே அந்தப் பாபத்தின் யோக்கியதை வெளியாகவில்லையா? இது ஒரு தெருவோடு நிற்கிற சங்கதியானால் நாம் பேனாவை எடுக்கவேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி ஜில்லாவின் தலைநகரானது. சுற்றிலும் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகிற பூமி. கரும்புத் தோட்டம் பெருச்சாளிக்குத் தாய்வீடு. வெட்டு முடிந்தவுடன் அது வேறு இடம் தேடி வருகிறது. மூடாத சாக்கடையும், அள்ளாத குப்பையும், ஓட்டல் எச்சில் இலையும் எந்த ஊரில் இருக்கின்றனவோ அந்த ஊர் அதற்கு மாமியார் வீடு. இதற்கு மேல் வாகனம் என்ற மரியாதையும் கொடுத்தால் அது ஏன் போகப்போகிறது?

முதலாவது, இந்த வாகனம் யார் என்பதிலேயே பக்தர்களுக்குள் தகராறு. ஒரு புராணம் கஜமுகாசுரன் என்ற அசுரன் எலியாக வந்தான், அவனைப் பிள்ளையார் வாகனமாக்கிக்கொண்டார் என்கிறது. இன்னொன்று, அவன் அசுரனல்ல, கிரவுஞ்சன் என்ற கந்தர்வன் என்கிறது. தமிழ்நாட்டார் அதை மூஞ்சூறு என்கின்றனர். மூஞ்சூறு எலியே அல்ல என்பது இவர்களுக்குத் தெரியுமா? எலி, சுண்டெலி, பெருச்சாளி ஆகியவற்றின் முன்பற்கள் சாகிறவரையில் வளர்ந்துகொண்டே இருப்பவை. கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. ஆகையால்தான் மரம், கம்பி, குழாய் என்று பாராமல் கடிக்கின்றன. மூஞ்சூறு வேறு குலம். நீண்ட மூக்கும் நாற்றமும் உடையது. கரப்பான், பூச்சி, புழு தின்பது. அரிசி மூட்டையில் ஓட்டை போடுவது அதன் தொழிலல்ல. ஆனால் நடப்பது என்ன? நாற்றமடிக்கிறதென்று மூஞ்சூற்றை விளக்குமாற்றால் அடித்துக் கொல்லுகிறார்கள். பெருச்சாளியை வாகனம் என்று விட்டுவிடுகிறார்கள். சாஸ்திரப்படி பார்த்தால் இவர்கள் தினமும் கொல்லுவது பிள்ளையாரின் சொந்த வண்டியை; காப்பாற்றுவது யாரோ ஊர் பேர் தெரியாதவனுடைய வண்டியை!

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. எலிக்கு இயற்கையில் யார் யார் விரோதியோ அவர்களையெல்லாம் நம் ஜனங்கள் அபசகுனம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். பூனை எலி பிடிக்கும். அது குறுக்கே வந்தால் கலியாணப் பேச்சே நின்றுவிடுகிறது. (பூனையால் எல்லாம் ஆகும் என்று நாம் சொல்லவரவில்லை. சுண்டெலியையும் எலிக்குஞ்சையும் பிடிக்கும். வளர்ந்த பெருச்சாளியைக் கண்டால் ஒதுங்கிப் போகும்.) கூகை எலியையே தின்று பிழைப்பது, அதற்குச் சாக்குருவி என்று பெயர் வைத்து, கூரையில் உட்கார்ந்து அலறினால் வீட்டில் பிணம் விழும் என்று கல்லால் அடிக்கிறார்கள். அந்தக் கூகை செய்வதென்ன? எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடுகிறது. அது தங்கும் பாழ்மண்டபத்தின் தரையில் கிடக்கும் உருண்டைகளைப் பிரித்து மண்டை ஓடுகளை எண்ணினால், எத்தனை எலியை அது தீர்த்தது என்ற கணக்கு எவருக்கும் பிரத்தியட்சமாகத் தெரியும். ஒரு ஜோடிக் கூகையும் அதன் குஞ்சுகளும் ஒரு வருஷத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். நம் தமிழர்கள் கூலிகளாகப் போய் உழைத்த மலேயாவில், செம்பனைத் தோட்டக்காரர்கள் கம்பம் நட்டுப் பெட்டி கட்டி, "வா அப்பா, வந்து குடியிரு" என்று கூகையைக் கூப்பிடுகிறார்கள். இங்கே கல்லெடுத்து ஓட்டுகிறோம். வங்காளத்தில் இதே ஆந்தை லட்சுமியின் வாகனமாம்! ஒரு சாமியின் வாகனம் இன்னொரு சாமியின் வாகனத்தைப் பிடித்துத் தின்கிறது. வைகுண்டத்துக்கும் கைலாசத்துக்கும் இதனால் எத்தனை வழக்கு நடக்கிறதோ தெரியவில்லை.

பாம்பின் கதையும் இதுதான். கறையான் கட்டிய புற்றுக்கு மஞ்சள் பூசி, பாலூற்றி, முட்டை வைத்துவிட்டு வருகிறார்கள் நம் தாய்மார்கள். பாம்பு பால் குடிக்கிற பிராணியல்ல. வைத்த முட்டை எலிக்கும் கீரிக்கும்தான் போய்ச் சேருகிறது. எலி பெருத்த இடத்துக்குப் பாம்பு தானே வருகிறது. 2000 முதல் 2019 வரை 20 வருஷத்தில் இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்தார், குடியானவர், கூலிக்காரர். படுக்கும் இடத்தின் அருகே நெல் மூட்டையும் எலி வளையும் இருக்கும்வரையில் எந்த நாகாத்தம்மனுக்குப் பொங்கல் வைத்து என்ன பயன்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் கொல்லாமையைக் கடைப்பிடிக்கிற ஜீவகாருண்யர்கள். கூண்டு வைத்து உயிரோடு பிடிப்பார்கள். பிறகு துணி போட்டு மூடிக்கொண்டு போய் அடுத்த தெருவில் விட்டுவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வருவார்கள். அந்த அடுத்த தெரு எது? தங்களைவிடப் பெரிய மனிதர் தெருவில் விட்டதாக ஒருவரையும் நாம் கேள்விப்பட்டதில்லை. சேரிப் பக்கம், குப்பை மேட்டுப் பக்கம், துப்புரவுத் தொழிலாளர் குடிசைப் பக்கம்தான் வாகனம் இறக்கப்படுகிறது. புண்ணியம் இவர்களுக்கு, பெருச்சாளி அவர்களுக்கு! வருணாசிரமம் எலிக்கூண்டு வரையில் வந்து நிற்கிறது, பாருங்கள்.

எலியால் வருகிற நஷ்டம் அரிசியோடு போவதில்லை. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிரைக் கொண்டுபோயிற்று. 1894-இல் ஹாங்காங்கில் எர்சின் என்ற வைத்தியர் அதன் கிருமியைக் கண்டார். 1898-இல் கராச்சியில் சிமோன் என்ற பிரஞ்சு வைத்தியர், செத்த எலியின் தெள்ளுப்பூச்சி மனிதனைக் கடிப்பதால்தான் அந்நோய் பரவுகிறது என்று காட்டினார். மெத்தப் படித்தவர்களே அவரைப் பரிகசித்து, சில வருஷம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். நம் பக்கத்தில் என்ன செய்தோம்? கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்று ஒரு சாமியை உண்டாக்கிக் கோயில் கட்டினோம். கிருமியைக் கண்டவன் பெயர் நம்மில் ஆயிரத்தில் ஒருவனுக்குத் தெரியாது. கிருமியின் பெயரால் வந்த அம்மனுக்கு இன்றும் பூசை நடக்கிறது.

பூனாவில் நடந்ததை நம் வாசகர்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டும். பிள்ளையாரை வீட்டுக்குள்ளிருந்து வீதிக்குக் கொண்டுவந்து பெருங்கூட்ட உற்சவமாக்கியதில் 1893 முதல் முன்நின்றவர் திலகர். 1897-இல் அவ்வூரில் பிளேக் வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீடு வீடாய்ப் புகுந்து செய்தது அக்கிரமம்தான், நாம் மறுக்கவில்லை. அதிகாரி ராண்டு சுடப்பட்டு இறந்தார். தமது பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகர் சிறை சென்றார். தேசமெங்கும் பெயர் பரவியது. அதே வருஷம் அதே பூனாவில் சாவித்திரிபாய் பூலே என்ற அம்மையார் தம் மகனோடு சேர்ந்து பிளேக் நோயாளிகளுக்கு வைத்திய உதவி செய்துகொண்டிருந்தார். ஜோதிராவ் பூலேயின் மனைவி. தீண்டப்படாதவர் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பள்ளிக்கூடம் வைத்ததற்காகச் சாணியடி பட்டவர். நோயாளியைத் தொட்டுத் தூக்கியதில் அவருக்கும் பிளேக் தொற்றி 1897 மார்ச் 10-இல் மாண்டார். பிள்ளையார் ஊர்வலம் வந்த கதையை எத்தனையோ சரித்திரப் பாடத்தில் எழுதியிருக்கிறார்கள். இந்த அம்மாள் எப்படிச் செத்தார் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

அது பழைய கதை என்பார்கள். 1994 செப்டம்பரில், விநாயகர் சதுர்த்தி வந்த அதே மாதத்தில், சூரத் நகரத்தில் பிளேக் பீதி உண்டாயிற்று. ஐம்பதுக்கு மேற்பட்டவர் மாண்டார்கள். லட்சக்கணக்கானவர் ரயிலேறி ஓடினார்கள். பிறகு 1995-இல் எஸ்.ஆர்.ராவ் என்ற நகராட்சிக் கமிஷனர் வந்தார். அவர் யாகம் செய்யவில்லை. அதிகாரிகள் தினந்தோறும் தெருவில் இறங்கிப் பார்க்கவேண்டும் என்று விதித்தார். தினமும் குப்பையை அள்ளவைத்தார். அசுத்தமாய் நடத்திய ஓட்டல்காரருக்கு அபராதம் போட்டார். பெரிய மனிதர் சிறிய மனிதர் என்று பாராமல் ஆக்கிரமிப்புகளை இடித்தார். 1996-இல் அந்தச் சூரத்துக்கே இந்தியாவின் இரண்டாவது சுத்தமான நகரம் என்ற பெயர் கிடைத்தது.

இன்று நம் ஜில்லாவில் பயப்படவேண்டியது எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும். முன்னது எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நடப்பவனுக்கு, காலிலுள்ள கீறல் வழியாய் வருவது. சாக்கடையில் இறக்கப்படுகிற தொழிலாளியும் சேற்றில் நிற்கிற நடவுப் பெண்ணும் முதல் பலி. பின்னது எலிகளின் மேலும் புதரிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடிப்பதால் வருவது. கல்வராயன் மலையடிவாரம் போன்ற புதர்க்காடுகளில் விறகுக்கும் மாட்டுக்கும் போகிறவர்களுக்கு ஆபத்து. உடம்பில் எங்காவது சிகரெட்டுச் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால், வேப்பிலை அடிக்கப் போகாமல் வைத்தியரிடம் அதைக் காட்டவேண்டும். இரண்டுக்கும் விலை குறைந்த மருந்து உண்டு. காலம் கடந்தால்தான் உயிர் போகும்.

"ஆனால் பாஷாணம் வைப்போம்" என்று பகுத்தறிவு பேசுகிற சிலரும் கிளம்புகிறார்கள். அதையும் நாம் ஒப்பவில்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடி படுக்கை அறையில் பரவி இரண்டு குழந்தைகள் மாண்டன. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையால் ஈரல் கெட்டு மாண்டவர்கள் நம் நாட்டில் அதிகமானதால் 2023-ஆம் வருஷ வாக்கில் தமிழ்நாடு சர்க்காரே அதைத் தடுத்தது. அதைத் தெரியாமல் வாயில் வைத்த குழந்தை முதல் நாள் விளையாடிக்கொண்டுதான் இருக்கும். ஒன்றுமில்லை என்று நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

அன்றியும் பாஷாணத்தால் எலி ஒழிவதுமில்லை. "பொறி வைக்கப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லாதே, எலிக்குக் காது கேட்கும்" என்று பாட்டிமார் சொல்லுவதுண்டு. எலிக்குத் தமிழ் தெரியாது. அது புது வஸ்து எதைக் கண்டாலும் சந்தேகப்படும்; புதுத் தீனியைக் கொஞ்சமாய்க் கடித்துப் பார்த்துவிட்டு, வயிறு வலித்தால் மறுபடி தொடாது. இதுதான் இரகசியம். ஆகவே பொறியைச் சுவரோரமாய் வைத்து, இரண்டு மூன்று நாள் பூட்டாமல் தேங்காய்ச் சில்லும் கருவாடும் போட்டுப் பழக்கி, பிறகு பூட்டவேண்டும். அரை அங்குல ஓட்டையில் எலிக்குட்டி நுழைந்துவிடும். ஓட்டையைக் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் வைத்து அடைக்கவேண்டும். மூன்று வாரத்தில் குட்டி போடுகிற, ஒரு ஈற்றில் ஏழெட்டுக் குட்டி போடுகிற, அந்தக் குட்டியும் மூன்று மாதத்தில் தாயாகிவிடுகிற ஜாதியிடம், தீனியை நிறுத்தாமல் கொலையை மாத்திரம் செய்துகொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கிற வேலை.

இங்கே மலைவாசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வராயன் மலை ஜனங்களைக் கண்டால் "காட்டு ஜனங்கள், மூடர்கள்" என்று நம் பட்டணத்துப் படிப்பாளிகள் சொல்லுகிறார்கள். மிஜோரம் மலையில் ஏறக்குறைய 48 வருஷத்துக்கு ஒருமுறை மூங்கில் பூக்கும். விதையைத் தின்று எலி பெருகும். விதை தீர்ந்ததும் பயிரில் இறங்கிப் பஞ்சம் வரும். 1911-இல் கண்ட பெரியவர்கள், 1959-இல் மறுபடி வரும், தானியம் சேர்த்து வையுங்கள் என்று எச்சரித்தார்கள். அன்றைய அஸ்ஸாம் சர்க்கார் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டது. பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்கு ஏற்பட்ட சங்கமே பிறகு கட்சியாகி, 1966-இல் ஆயுதக் கிளர்ச்சியாகி, 1986 வரையில் அந்த நாடு பட்டபாடு எல்லோரும் அறிந்தது. கண்ணால் கண்டு, கணக்கு வைத்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லுவது பகுத்தறிவு. பட்டம் வாங்கினவன் விசாரிக்காமல் சிரிப்பது மூடநம்பிக்கை. தானியக் குதிரைத் தரையை விட்டு உயரக் கல்லின்மேல் வைக்கிற பழங்குடிகளின் வழக்கத்தில் இருக்கிற புத்தி, தரையோடு மூட்டை அடுக்குகிற நம் கடைக்காரருக்கு இல்லையே! கல்வராயன் மலையார் 1976 வரையில் மூன்று ஜாகீர்களின் கீழ்க் கிடந்தவர்கள். விளைந்ததை எலியிடமிருந்து மாத்திரமா அவர்கள் காப்பாற்றவேண்டியிருந்தது?

அடிவாரத்திலும் சமவெளியிலும் இருக்கிற இருளர்கள் நிலையோ இன்னும் கேவலம். வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா, பாம்பா, குடிபோனதா என்று சொல்லிவிடுகிற அறிவு அவர்களுடையது. மண் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதி, புகையை வளைக்குள் விட்டுப் பிடிப்பார்கள். உதடு வெந்து, நெஞ்சு கெட்டுப் போகும். அதற்குப் பதில் கையால் சுற்றிப் புகை விடுகிற எஃகுக் கருவி ஒன்று உண்டாக்கி அவர்களுக்குக் கொடுக்கிற திட்டத்துக்கு 2003-இல் உலக வங்கியின் போட்டியில் பரிசு கிடைத்தது. 1978-இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கிற விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவரை மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவில் புளோரிடாவுக்குக் கூப்பிட்டார்கள். 2023-இல் சர்க்கார் பத்மஸ்ரீ கொடுத்தது. இவ்வளவுக்குப் பிறகும், வயலில் எலி பிடிக்க இருளரைக் கூப்பிடுகிற மிராசுதார் அவருக்குத் திண்ணையில் இடம் கொடுப்பதில்லை. கூலியாகப் பிடித்த எலியையே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, "எலி தின்னி" என்று ஏசவும் செய்கிறார். எலியின்மேல் ஏறினவருக்குக் கொழுக்கட்டை; எலியை ஒழித்தவருக்கு ஏச்சு!

கள்ளக்குறிச்சி நகராட்சி அங்கத்தினர்களை நாம் கேட்டுக்கொள்வது இது. சாக்கடையை மூடி, வாய்க்குக் கம்பி வலை போடுங்கள். கறிக்கடை, ஓட்டல், காய்கறிச் சந்தைக் கழிவை இருட்டுவதற்குள் அள்ளுங்கள். எலி இராத்திரியில்தான் சாப்பிட வருகிறது. சதுர்த்திக்கு மறுநாள் தெருவில் கிடக்கிற தேங்காயையும் பொரியையும் கொழுக்கட்டையையும் உற்சவம் நடத்தினவர்கள் செலவிலேயே அள்ளச் சொல்லுங்கள். எலி பிடிக்கிற வேலைக்கு நிரந்தர ஆட்களை நியமியுங்கள். பூட்ஸ், கையுறை, மாதச் சம்பளம், விபத்துக்கு இன்ஷியூரன்ஸ் கொடுங்கள். தெரிந்தவர்களான இருளரை முதலில் வைத்து, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார்களாக அவர்களுக்குச் சம்பளம் போடுங்கள். அவர்கள் பிள்ளைகளைக் கடப்பாரையோடு அனுப்பாமல் கலாசாலைக்கு அனுப்புங்கள். எலி பிடிப்பது இருளர் குலத்தொழில் என்று எழுதிவைத்துவிட்டால், பிள்ளையாரை ஒழித்துவிட்டு மனுவை உட்காரவைத்த கதையாகும். ஆகவே அந்த உத்தியோகத்துக்கு விளம்பரம் செய்யும்போது எல்லா ஜாதியாரும் மனுப் போடலாம் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை மனுப் போட்டால், வாகனத்தோடு அவர்களுக்கு இருக்கிற நெடுநாள் பழக்கத்தை உத்தேசித்து, நாமே சிபாரிசுக் கடிதம் கொடுக்கத் தயாராயிருக்கிறோம்.